பெரிய தோட்டா யாரைக் காக்கிறது?

அமெரிக்காவில் தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர் அதிகம் குழம்புவது, குண்டின் விட்டத்தைக் குறிக்கும் காலிபர் விஷயத்தில்தான். சட்டைக்குள் மறையும் அளவுக்குச் சிறிய பிஸ்டல் வேண்டும் என்பது சீக்கிரம் முடிவாகிவிடும். அதில் .380 தோட்டாவா, 9 எம்எம்-ஆ, .40-ஆ, .45-ஆ என்ற பேச்சு மட்டும் முடிவதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் அதற்கு முக்கியக் காரணம் தற்காப்பு என்று சொன்னதாக பியூ ஆய்வு மையம் 2023-ல் பதிவு செய்தது. எனவே இந்தக் காலிபர் விவாதத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: தோட்டா பெரிதானால் வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பும் கூடும். கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்பதாக எனக்குத் தெரியவில்லை. தோட்டா பெரிதாகும்போது தெளிவாகக் கூடுவது ஒன்றுதான்: சுடப்பட்டவர் இறந்துபோகும் வாய்ப்பு. காலிபர் தேர்வை வாங்குபவரின் சொந்த விருப்பமாக மட்டும் விட்டுவிட முடியாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த விவாதத்தின் இன்றைய வடிவம் ஒரே ஒரு நாளில் தொடங்கியது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியின் தெற்குப் புறநகரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர், தொடர் கொள்ளைகளில் தேடப்பட்ட மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் இருவரும் சென்ற காரை மோதி நிறுத்தினார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் நூற்றுக்கும் அதிகமான குண்டுகள் பாய்ந்தன. தொடக்கத்திலேயே அதிகாரி ஜெரி டவ் சுட்ட 9 எம்எம் குண்டு ஒன்று, காரிலிருந்து ஜன்னல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்த பிளாட்டின் வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. பிளாட்டின் உயிரைப் பறித்த முக்கியக் காயம் அதுதான் என்று பின்னர் தடயவியல் ஆய்வு சொன்னது. ஆனால் அந்தக் காயத்தோடுதான் அவன் கையிலிருந்த ரைஃபிளால் தொடர்ந்து சுட்டான். டவ்வும் இன்னோர் அதிகாரி பெஞ்சமின் குரோகனும் இறந்தார்கள். மற்றவர்களில் ஐந்து பேருக்கு அன்று காயம்.

இரண்டு அதிகாரிகளை இழந்த ஓர் அமைப்பு காரணம் தேடியது இயல்பு. ரைஃபிளுக்கு எதிரில் பெரும்பாலும் கைத்துப்பாக்கிகளோடு நின்றது ஒரு காரணமாக இருக்கலாம். கார்கள் மோதிய அதிர்ச்சியில் ஓர் அதிகாரியின் கண்ணாடி கழன்று விழுந்ததும், இன்னொருவரின் துப்பாக்கி எங்கோ தெறித்ததும் காரணமாக இருக்கலாம். எஃப்.பி.ஐ. அதிகம் பேசியது, இதயத்தைத் தொடாமல் நின்ற அந்தக் குண்டைப் பற்றி. 1987-ல் குவாண்டிகோவில் உள்ள அதன் பயிற்சி மையத்தில் நிபுணர்கள் கூடினார்கள். மனிதத் தசைக்கு நிகராக வைத்துப் பார்க்கும் ஜெலட்டின் கட்டிகளில், வெறுமனேயும், துணி போர்த்தியும், இரும்புத் தகடு, மரப்பலகை, கார் கண்ணாடி இவற்றை முன்னால் வைத்தும் சுட்டுப் பார்க்கும் சோதனை முறை உருவானது. குண்டு குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று அளவு வகுத்தார்கள். 10 எம்எம் தோட்டாவுக்கு மாறினார்கள். அதன் உதைப்பு தாங்க முடியாததாக இருந்ததால் வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்த பிறகு அத்தனை நீளத் தோட்டா எதற்கு என்ற கேள்வியிலிருந்து 1990-ல் .40 எஸ் அண்ட் டபிள்யூ பிறந்தது. 1997-ல் எஃப்.பி.ஐ. அதை ஏற்றது, நாடு முழுக்கப் போலீஸ் துறைகளும் அதன் பக்கம் போயின. பிறகு 2014-ல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவே 9 எம்எம்-க்குத் திரும்பலாம் என்று எழுதியது. 2016-ல் 9 எம்எம் பிஸ்டல்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முப்பது ஆண்டுச் சுற்றுக்குப் பிறகு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

அமெரிக்க ராணுவம் இதே சுற்றை அதற்கு முன்பே சுற்றியிருந்தது. பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளை .38 ரிவால்வர்கள் நிறுத்தவில்லை என்ற புகாரின் பேரில், 1904-ல் ராணுவ அதிகாரிகள் தாம்சனும் லகார்டும் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகளின் மீதும் பிணங்களின் மீதும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறையக் கூடாது என்றார்கள். அதிலிருந்து 1911 மாடல் கோல்ட் பிஸ்டல் வந்தது. 1985-ல் அதே ராணுவம் 9 எம்எம் பெரெட்டாவுக்கு மாறியது. ஒவ்வொரு முறையும் ஒரு தோல்வி காலிபரை மேலே தள்ளுகிறது, பல ஆண்டுப் பழக்கம் அதைக் கீழே இறக்குகிறது.

எஃப்.பி.ஐ. ஏன் திரும்பியது என்பதில்தான் விஷயத்தின் கனம் இருக்கிறது. மயாமிக்குப் பிறகு 1989-ல் அந்த அமைப்புக்காக எழுதப்பட்ட ஆய்வே சொன்னது: கைத்துப்பாக்கிக் குண்டு மனிதனைத் தூக்கி எறியாது, மூளையிலோ தண்டுவடத்தின் மேற்பகுதியிலோ பட்டால் ஒழிய உடனடியாக வீழ்த்தாது. இதயமே சிதைந்தாலும் மூளையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு 10 முதல் 15 விநாடிகள் வரை ஒருவரால் முழு உணர்வோடு இயங்க முடியும். விசையை இழுக்க ஒரு விநாடி போதும் என்னும்போது, பதினைந்து விநாடி மிக நீண்ட நேரம். 9 எம்எம் குண்டின் விட்டம் சுமார் 9 மில்லிமீட்டர், .45-இன் விட்டம் சுமார் 11.5. இந்த இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் அந்தப் பதினைந்து விநாடியை எவ்வளவு குறைத்துவிடும்? 2014-ல் பயிற்சிப் பிரிவு, இந்தப் போலீஸ் காலிபர்கள் உண்டாக்கும் காயங்களிடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அநேகமாக இல்லை என்று எழுதியது. தங்கள் அதிகாரிகளில் பெரும்பாலோர் 9 எம்எம்-இல் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்றும், நிஜச் சண்டைகளில் போலீஸார் சுடும் குண்டுகளில் 20 முதல் 30 சதவீதம்தான் எதிராளியின் மீது படுகின்றன என்றும் சேர்த்துச் சொன்னது. நியூயார்க் போலீஸைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் பட்டவை 18 சதவீதம், அவர் சுடாதபோது 30 சதவீதம். இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி எடுப்பவர்கள். நூற்றில் படாத எழுபது எண்பது குண்டுகள் எந்தக் காலிபராக இருந்தாலும் யாரையும் காப்பாற்றியிருக்கப் போவதில்லை. அவை எங்கே போய் விழுந்தன என்பது தனிக் கவலை.

துப்பாக்கி சிறிதாகும்போது இந்தக் கணக்கு இன்னும் மோசமாகிறது. முழு அளவு 9 எம்எம் பிஸ்டல் தோட்டா இல்லாமல் சுமார் 700 கிராம் இருக்கும். சட்டைப்பை அளவு .380 பிஸ்டல்களில் சில 300 கிராமைக்கூடத் தொடுவதில்லை. ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியிலிருந்து சுடுவதைவிட லேசான துப்பாக்கியிலிருந்து சுடும்போது கை வாங்கும் உதைப்பு அதிகம். அதோடு, பிடி குட்டையாகிவிடுவதால் சுண்டு விரலுக்கு இடம் இருக்காது. பாரம் முழுக்க இரண்டு விரல்களில் விழும். சுட்டதும் குழல் மேலே எகிறும், குறி கலையும், அடுத்த முறை விசையை இழுக்கும்போது உடல் தானாகவே முன்கூட்டிச் சுருங்கும். இப்படிப்பட்ட ஒரு சின்னத் துப்பாக்கியில் .40 தோட்டாவை வைத்துக்கொள்பவர், படாமல் போகும் வாய்ப்பைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்கிறார். ஆகவே வாங்குபவர் தன் நலனை மட்டும் எண்ணிப் பார்த்தாலும் பெரிய காலிபர் அவருக்கு நஷ்டமே. மணிக்கட்டு பலமில்லாதவருக்கும் வயதானவருக்கும் காலிபர் முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். ஆனால் அவர்களுக்கு வேண்டியது, தம் கை எதைத் தாங்கும் என்ற கேள்விக்கு விடை. அந்த விடை தோட்டாவோடு சேர்த்துத் துப்பாக்கியின் எடையிலும் பிடியின் நீளத்திலும் இருக்கிறது. மிக லேசான .380 பிஸ்டல் ஒன்று, நடுத்தர எடையுள்ள 9 எம்எம்-ஐவிடக் கடுமையாக உதைப்பது உண்டு.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால், காலிபரால் ஒரு வேறுபாடும் இல்லை, அவரவர் விருப்பப்படி வாங்கிக்கொள்ளட்டும் என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அவர்கள் பார்க்கத் தவறும் சான்று பாஸ்டன் நகரிலிருந்து வந்தது. அந்தோணி பிராகா, பிலிப் குக் என்ற இரு ஆய்வாளர்கள், 2010 முதல் 2014 வரை பாஸ்டனில் சுடப்பட்டு இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் போலீஸ் கோப்புகளைக் கொண்டு ஒப்பிட்டு, 2018-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஒன்றில் முடிவுகளை வெளியிட்டார்கள். .22, .25, .32 ஆகிய சிறு காலிபர்களால் சுடப்பட்டவர்களோடு ஒப்பிட, .380, 9 எம்எம் போன்ற நடுத்தரக் காலிபர்களால் சுடப்பட்டவர்கள் இறக்கும் சாத்தியம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. .40, .45 போன்ற பெரிய காலிபர்களில் அது நான்கு மடங்கைத் தாண்டியது. சுட்டவருக்குக் கொல்லும் உறுதி அதிகமாக இருந்திருக்கலாம், அதனால்தான் பெரிய துப்பாக்கியைத் தேர்ந்திருப்பார் என்ற எதிர்வாதத்தையும் அவர்கள் சோதித்தார்கள். எத்தனை குண்டு பட்டது, உடலில் எங்கே பட்டது, எந்தச் சூழலில் நடந்தது என்பவை காலிபருக்கு ஏற்றாற்போலக் குறிப்பிடத்தக்க வகையில் மாறவில்லை. எல்லாத் துப்பாக்கிகளும் சிறு காலிபராக இருந்திருந்தால் கொலைகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு.

எஃப்.பி.ஐ. வேறுபாடு இல்லை என்கிறது, பாஸ்டன் ஆய்வு பெரிய வேறுபாடு என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். தற்காத்துக்கொள்பவருக்கு வேண்டியது, எதிரில் வருபவர் அடுத்த ஐந்து விநாடிக்குள் நிற்க வேண்டும் என்பது. அதை உறுதியாகச் செய்யும் கைத்துப்பாக்கித் தோட்டா எதுவும் இல்லை. மரணம் நிகழ்வதோ பல நிமிடங்கள் கழித்து, தெருவில் ரத்தம் வடிந்தோ அறுவை மேசையிலோ. அங்கே அகலமான, ஆழமான காயத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அர்த்தம் உண்டு. ரத்தக் குழாய் ஒன்று தப்புவதும் அறுபடுவதும் அதில் தீர்மானமாகலாம். மயாமியில் டவ் சுட்ட குண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பிளாட்டைக் கொன்றது, ஆனால் நிறுத்தவில்லை. கொல்வதற்கும் நிறுத்துவதற்கும் இடையே இருந்த அந்தச் சில நிமிடங்களில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அதைக் கண்ட பிறகு இன்னும் நன்றாகக் கொல்லும் தோட்டாவைத் தேடியது, எனக்குத் தோன்றும் வரையில், கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு. பெரிய துளை என்றால் ரத்தம் வேகமாக வெளியேறும், அதனால் ஆளும் சீக்கிரம் விழுவான் என்பார்கள். உடற்கூறு அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படி மிச்சமாகும் விநாடிகள், உதைப்பால் குறி தவறுவதில் போய்விடுகின்றன என்பதைத்தான் எஃப்.பி.ஐ. தன் சொந்த அனுபவத்தில் கண்டது.

இன்றைய 9 எம்எம் குண்டு 1986-இன் குண்டு இல்லை, வடிவமைப்பு மேம்பட்டதால்தான் எஃப்.பி.ஐ. திரும்பியது, ஆகவே அன்று காலிபரைக் குறை சொன்னது சரிதானே என்று கேட்பவர்களும் உண்டு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. குண்டுகள் மேம்பட்டது உண்மை, எஃப்.பி.ஐ.யே அதைக் குறிப்பிட்டது. ஆனால் மேம்பட்டது குண்டின் கட்டமைப்பு. விட்டம் அப்படியே இருக்கும்போது தீர்ந்துவிட்ட ஒரு குறைக்கு விட்டத்தைக் காரணம் சொன்னது எப்படிச் சரியாகும்? அதோடு, சிறு காலிபர் தீங்கற்றது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ராபர்ட் கென்னடியை 1968-ல் கொன்றது .22 ரிவால்வர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியின் உடலில் பாய்ந்த மூன்று குண்டுகளும் .380-க்கு இணையான தோட்டாவைச் சுடும் சின்ன பெரெட்டா பிஸ்டலிலிருந்து வந்தவை. எந்தக் காலிபரும் கொல்லும். ஆயிரக்கணக்கான சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது எத்தனை பேர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார்கள் என்பதில்தான் காலிபரின் வேறுபாடு தெரிகிறது.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. பாஸ்டனில் சுட்டவர்கள் குற்றவாளிகள்; சட்டப்படி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பவர் எந்தக் காலிபர் வாங்கினால் என்ன? ஆனால் அமெரிக்காவில் குற்றத்துக்குப் பயன்படும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை என்றோ ஒரு கடையில் சட்டப்படி விற்கப்பட்டவை. 2017 முதல் 2021 வரையிலான ஐந்தாண்டில் தனியாரிடமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திருடுபோனதாக அந்நாட்டு அரசின் துப்பாக்கிக் கண்காணிப்பு அமைப்பே கணக்குச் சொல்கிறது. நேற்று ஒருவர் தன் பாதுகாப்புக்கு வாங்கிய காலிபர், நாளை யாரோ ஒருவரின் உடலில் கிடக்கும் காலிபர். இங்கே சின்னத் துப்பாக்கிகளின் வரலாறு என்னைக் கவலைப்பட வைக்கிறது. முன்பெல்லாம் பையில் அடங்கும் பிஸ்டல் என்றால் .25, .32 என்றிருந்தது. பெரிய தோட்டா வேண்டுமானால் பெரிய துப்பாக்கியைச் சுமந்தாக வேண்டும். அந்தச் சங்கடம் காலிபரைக் கட்டுக்குள் வைத்தது. 2015-ல் வந்த கிளாக் 43, 2018-ல் வந்த சிக் பி365 போன்றவை அதை நீக்கிவிட்டன. சுமார் அரை கிலோ எடையும் ஓர் அங்குலம் தடிமனும் உள்ள பி365-இல் பத்து 9 எம்எம் தோட்டாக்கள் அடங்குகின்றன. பொறியியலாகப் பார்த்தால் திறமையான வேலை. பாஸ்டன் ஆய்வின் எண்களோடு வைத்துப் பார்த்தால், சிறு காலிபர் பட்டியலில் இருந்திருக்கக்கூடிய காயங்கள் நடுத்தரப் பட்டியலுக்கு மாறுகின்றன. வீட்டுக்குள்ளே நடக்கும் தற்கொலைகளுக்கோ காலிபர் ஒரு பொருட்டே இல்லை. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 54 சதவீதம் தற்கொலைகள். தலையில் வைத்துச் சுட்டுக்கொள்பவருக்கு எந்தத் தோட்டாவும் இரண்டாவது வாய்ப்பைத் தருவது அரிது. ஆகவே எந்தக் காலிபர் என்று பல நாள் யோசிப்பவர், வீட்டில் மனம் உடைந்தவர் யாராவது இருக்கிறாரா என்று ஒரு மணி நேரம் யோசித்தால் அதிகம் பயன் உண்டு.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் வேறு பாதையில் நிற்கிறது. இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 எம்எம் தடைசெய்யப்பட்ட காலிபர். போலீஸும் ராணுவமும் பயன்படுத்தும் தோட்டா வெளியாட்கள் கையில் புழங்கக் கூடாது என்பதே அந்தப் பாகுபாட்டின் வேர். காயத்தின் கடுமையை யாரும் அளந்து வகுக்கவில்லை. ஆனால் விளைவு நல்லதாக அமைந்திருக்கிறது: கைத்துப்பாக்கி உரிமம் பெற்றவர் பெரும்பாலும் .32-ஓடு நிற்கிறார். டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் பெண்களின் தற்காப்புக்கென்று கான்பூர் அரசுத் தொழிற்சாலை கொண்டுவந்த ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32 தான், எடை அரை கிலோ, விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் அது எத்தனை பெண்களின் கைக்குப் போயிருக்க முடியும், பேருந்து நெரிசலில் அதை எடுக்க நேரம் எங்கே இருக்கும் என்ற கேள்விகள் அன்றே எழுந்தன, அவை நியாயமானவை. அதைவிடப் பெரிய தோட்டா கொடுத்திருந்தால் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்பு கூடியிருக்கும் என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை. உயிரைக் காத்துக்கொள்ள ஒருவருக்கு உள்ள உரிமை, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் அளவுக்கு நீளாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 99-வது பிரிவு சொன்னது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த வரம்பு தொடர்கிறது. நிறுத்தும் திறனைக் கூட்டாமல் கொல்லும் திறனை மட்டும் கூட்டும் தோட்டாவுக்கு அந்த வரம்புக்குள் என்ன இடம் இருக்கிறது?

கள்ளத் துப்பாக்கிகள் எந்தக் காலிபரிலும் கிடைக்கும்போது உரிமம் உள்ளவருக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு, 9 எம்எம்-ஐயும் அனுமதிக்கலாமே என்று கேட்பவர்கள் இங்கும் உண்டு. அனுமதிப்பதற்கு முன் உள்துறை அமைச்சகம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. துப்பாக்கியால் நடந்த கொலைகளை, உரிமம் உள்ளதா, இல்லாததா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பிரித்துத் தந்திருக்கிறது. சுடப்பட்டுப் பிழைத்தவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை, தோட்டாவின் அளவும் வருவதில்லை. ஆனால் உடலிலிருந்து எடுத்த குண்டின் காலிபர் தடயவியல் கூடத்தின் அறிக்கையில் இருக்கிறது. சுடப்பட்டவர் பிழைத்தாரா, எத்தனை நாளில் வீடு திரும்பினார் என்பது அரசு மருத்துவமனையின் பதிவேட்டில் இருக்கிறது. பாஸ்டன் ஆய்வின் மையத்தில் இருந்ததும் காலிபர், பிழைத்தாரா இல்லையா என்ற இந்த இரண்டு விவரங்கள்தான். இந்த இரண்டு கோப்புகளையும் சேர்த்து வைத்துப் படிக்காமல் தடைப் பட்டியலில் ஒரு காலிபரைக்கூட நீக்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாது.